ஈரம் திரும்பும் வேகம்

யாரோ கொண்டுவந்து கொடுத்த ஹவானா சுருட்டு மேசை இழுப்பறையில் மாதக்கணக்கில் கிடந்து காய்ந்துபோயிருக்கும். விரலால் மெல்ல அழுத்தினால் சருகுபோல் நொறுங்கும். அதைக் கண்டதும் ஈரத்துணியில் சுற்றிவைக்கிறார்கள், கொதிநீரின் ஆவியில் காட்டுகிறார்கள், ஆப்பிள் துண்டோடு டப்பாவில் போட்டு மூடுகிறார்கள். காய்ந்ததற்கு நீர் வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. ஆனால் காய்ந்ததனால் வீணாகும் சுருட்டைவிட, காய்ந்தபின் அவசரமாக நனைத்ததால் வீணாகும் சுருட்டே அதிகம் என்பேன். இலைக்குள் ஈரம் எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டிலும் எந்த வேகத்தில் திரும்புகிறது என்பதுதான் அதன் கதியைத் தீர்மானிக்கிறது.

இதற்குக் காரணம் சுருட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. கையால் சுருட்டியதில் நீளவாக்கில் மடித்த உள்ளிலைகள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கட்டிலை, எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய மேலிலை என்று மூன்று அடுக்கு உண்டு. நல்ல பதத்தில் இருக்கும் சுருட்டின் எடையில் ஏறக்குறைய 12 முதல் 14 சதவீதம் நீர்தான். சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதமாக இருக்கும்வரை இந்த அளவு நிலைக்கும். காற்று வறண்டால் இலை நீரை விட்டுச் சுருங்கும். ஈரக்காற்று பட்டால் நீரை உறிஞ்சி உப்பும். பற்றவைக்கும் முனை திறந்தே இருப்பதால் அங்குள்ள உள்ளிலை சட்டென்று பருத்துவிடும். காய்ந்து விறைத்த மேலிலையால் அந்த வேகத்துக்கு விரிந்துகொடுக்க முடியாது, நெடுக வெடித்துவிடும். வெடித்த மேலிலையை எந்த ஈரமும் ஒட்டவைக்காது. அதனால்தான் பொறுமை வேண்டும் என்கிறேன். கியூபாவின் சுருட்டுக் கூடங்களிலும் அதைக் காணலாம். மேலிலையை ஈரப்படுத்தி இளக்கிய பிறகே விரித்துச் சுருட்டுகிறார்கள். சுருட்டியதை உடனே விற்பனைப் பெட்டியில் அடைப்பதில்லை. மிகுந்த ஈரம் தானாக வெளியேறும்வரை குளிர்ந்த அறையின் மர அலமாரிகளில் வைத்திருக்கிறார்கள். ஈரம் போவதற்கே இவ்வளவு அவகாசம் தருகிறார்கள் என்றால், திரும்புவதற்கு ஓர் இரவு எப்படிப் போதும்?

செய்யவேண்டியது எளிது. காற்றுப் புகாமல் மூடும் டப்பா ஒன்று, குறிப்பிட்ட ஈரப்பதத்தில் காற்றைப் பிடித்துவைக்கும் உப்புக் கரைசல் பொட்டலங்கள், ஓர் ஈரமானி, இவை போதும். பொட்டலங்கள் 62, 65, 69 என்று பல அளவுகளில் கிடைக்கின்றன. 62-இல் தொடங்கி இரண்டு வாரம் விடுங்கள், பிறகு 65, தேவைப்பட்டால் 69. செலோஃபேன் உறை இருந்தால் கழற்ற வேண்டாம். அது நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாகவே உள்ளே விடும், இங்கே நமக்கு வேண்டியதும் அதுவே. வாரம் ஒருமுறை சுருட்டைப் புரட்டிவையுங்கள். பஞ்சை நனைத்துவைக்கும் பழைய முறையே வசதி என்றால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள். குழாய் நீரின் உப்புகள் பஞ்சில் படிந்து அடைத்துக்கொள்ளும். பதம் வந்துவிட்டதா என்பதை விரலைவிட நகைக்கடைத் தராசு நன்றாகச் சொல்லும். வாரந்தோறும் நிறுத்துக் குறித்துவந்தால் எடை சிறிது சிறிதாக ஏறி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். உள்ளும் புறமும் ஈரம் சமமாகிவிட்டதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

ஈரம் திரும்பினாலும் மணம் திரும்புமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நீரோடு சேர்ந்து வெளியேறிய நறுமண எண்ணெய்களை எந்தப் பொட்டலமும் மீட்டுத் தராது. பல ஆண்டுகள் வெயிலிலும் காற்றிலும் கிடந்த சுருட்டு சீராக எரியும், சுவை மட்டும் வெறுமையாக இருக்கும். சில மாதம் மட்டுமே காய்ந்ததில் இழப்பு குறைவு. அதற்காகத்தான் இந்தப் பாடு. திருச்சிச் சுருட்டுக்கு யார் இப்படியெல்லாம் செய்தார்கள் என்பது அடுத்த கேள்வி. கட்டாக வாங்கிப் புகைத்துத் தீர்ப்பதற்கான சரக்கு அது, வைத்திருந்து முதிரவிடுவதற்கானதல்ல. நெதர்லாந்தில் காய்ந்த பதத்திலேயே விற்கும் சுருட்டுகளுக்கும் இந்தப் பராமரிப்பு வேண்டியதில்லை. மூன்றாவது ஆட்சேபம் உடல்நலம் பற்றியது. பதமான சுருட்டின் புகையும் தீங்கான புகைதான். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப்புற்றுநோய்க்கு அது வழிவகுக்கும். சுருட்டைப் பேணுவது அந்தத் தீங்கை இம்மியும் குறைக்காது. புகைக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டியதே இல்லை.

சேமிப்பில் கவனமாக இருந்தால் மீட்கும் வேலையே வராது. சுருட்டுப் பெட்டிகளுக்குப் பெயர்போன ஸ்பானிஷ் சிடார் உண்மையில் தேவதாரு இனம் அல்ல, வேம்புக் குடும்பத்து மரம். ஈரத்தை வாங்கி விடும் தன்மையும் இதமான மணமும் அதற்கு உண்டு. ஆனால் விலையுயர்ந்த பெட்டியைவிட முக்கியமானது ஈரமானி சரியாகக் காட்டுகிறதா என்பது. மூடியொன்றில் சமையல் உப்பை நீர் விட்டுக் கூழாக்கி, ஈரமானியோடு ஒரு பையில் அடைத்து ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும்; வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்பதன அறையில் சுருட்டு காயும். உறைபனி சேராத குளிர்பெட்டியிலும் காயும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் தொல்லை வேறு விதம். அங்கே வெளிக்காற்றே ஈரம் மிகுந்தது. பூசணம் எளிதில் பிடிக்கும். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் இலைக்குள் கிடக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிக்கும் ஆபத்தும் கூடும். அதனால் நம் ஊர்களில் 70-ஐ எட்ட முயலாமல் 62 முதல் 65-இல் நிறுத்திக்கொள்வதே நல்லது. வண்டு துளைத்ததையும் உள்ளே பூசணம் புகுந்ததையும் மீட்க முயலாதீர்கள். மற்றவற்றோடு சேர்த்தும் வைக்காதீர்கள். மீதியுள்ள எதையும் ஒரு மாதமாவது ஆகாமல் பற்றவைக்க வேண்டாம்.