ஒரு முகத்திற்கான வெளிச்சம்



சபை ஆண்டுவிழா மலருக்காகக் கடந்த வாரம் ஒரு குழுப்படத்தை ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். படம் எடுத்த நாளில் வர இயலாத மூப்பர் ஒருவரின் உருவத்தை வேறொரு படத்திலிருந்து வெட்டி, ஃபோட்டோஷாப்பில் தனி லேயராக மேலே வைத்தேன். அவர் முகம் மட்டும் இருண்டிருந்தது. வெளிச்சம் கூட்ட, அதற்கு மேல் 'கர்வ்ஸ்' என்னும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரைச் சேர்த்தேன். அவர் முகம் தெளிந்தது. ஆனால் நன்றாயிருந்த மற்ற முகங்களெல்லாம் வெளிறிப்போயின.

அருகிலிருந்த வாலிபத் தம்பி, "ஐயா, அது கீழே இருக்கிற எல்லா லேயரையும் மாற்றிவிடும். கிளிப்பிங் மாஸ்க் போடுங்கள்" என்றார். ஆல்ட் விசையை அழுத்தியபடி, கர்வ்ஸ் லேயருக்கும் மூப்பரின் லேயருக்கும் இடையிலுள்ள கோட்டில் கிளிக் செய்தேன். கர்வ்ஸ் லேயர் சற்று உள்ளே நகர்ந்து, கீழ்நோக்கிய சிறு அம்புக்குறியைப் பெற்றது. அதன்பின் வெளிச்சம் மூப்பரின் உருவம் உள்ள இடத்தில் மட்டும் நின்றது. மற்ற முகங்கள் பழையபடியே திரும்பின. எதுவும் அழியவில்லை.

அந்த முகங்களைப் பார்த்தபோது என் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு சகோதரர் கடன் வாங்கித் திருப்பித் தராததைக் கேள்விப்பட்டேன். அவரிடம் நேரில் பேசத் தயங்கி, ஞாயிறு ஆராதனையில் பிரசங்கபீடத்திலிருந்து கடிந்துரைத்தேன். அவரோ அன்று ஆலயத்திற்கே வரவில்லை. ஆராதனை முடிந்ததும், கணவரின் சிகிச்சைக்காகக் கடன்பட்டிருந்த ஒரு தாயார் கண்ணீரோடு என்னிடம் வந்து, "ஐயா, என்னைத்தான் சொன்னீர்களா?" என்று கேட்டார்கள். அடுத்த மூன்று ஞாயிறும் அவர்களுடைய இடம் வெறுமையாயிருந்தது.

அவர்கள் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். பின்னரே அந்தச் சகோதரரின் வீட்டிற்கும் போனேன். பத்து நிமிட நடைதான். முதலிலேயே நடந்திருக்கலாம்.

படத்தில் நான் ஒரே கிளிக்கில் திருத்திக்கொண்டேன். அந்தத் தாயாரின் மனம் ஆற மாதங்கள் ஆயின.

அன்பானவர்களே, திருத்த வேண்டியதைத் திருத்தாமல் விடுவது அன்பல்ல. ஆனால் ஒருவருக்குரிய வார்த்தையை வீட்டார் அனைவர்மேலும் சபை முழுவதன்மேலும் ஊற்றுவதும் அன்பல்ல. இந்த வாரம் உங்கள் நாவில் ஒரு கண்டிப்பு இருக்குமானால், அது யாருக்குரியது என்று பாருங்கள். அவரிடமே போங்கள், தனியாகப் போங்கள், ஜெபத்தோடு போங்கள்.