இந்தப் போட்டியில என்ன கிடைக்கும் சேர்?



தென்னை மரத்திலிருந்து எங்கள் கூரைக்கு இழுத்திருக்கும் வயர் எதற்கு, சனி ஞாயிறு முழுக்க சேர் யாரோடு இங்கிலீசில் சத்தம் போடுகிறார் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அது அமெச்சூர் ரேடியோ. பரீட்சை எழுதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதிப்பத்திரம் எடுத்திருக்கிறேன். ரேடியோ மேசைக்கு மேலே சுவரில் அதை மாட்டியும் வைத்திருக்கிறேன். 2019க்குப் பிறகு நம் வீடுகளில் புரியாத கருவி ஒன்று இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டிவரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நாங்கள் கதைப்பதை உலகில் யாரும் கேட்கலாம். இரகசியக் குறியீட்டில் கதைப்பதற்குத்தான் தடை.

அந்தச் சனி ஞாயிறு நடந்தது சீ.கியூ. வேர்ல்ட் வைட் என்ற போட்டி. ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் கடைசி வார இறுதியில் குரலுக்கு, நவம்பர் கடைசி வார இறுதியில் மோர்ஸுக்கு. 48 மணித்தியாலம். நமக்குச் சனி காலை 5.30க்குத் தொடங்கி திங்கள் காலை 5.30க்கு முடியும். எத்தனை நாடுகளோடு, எத்தனை நிலையங்களோடு தொடர்பு எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு. நான் "ஃபைவ் நைன், டூ டூ" என்பேன். 59 என்றால் உங்கள் சிக்னல் நன்றாகக் கேட்கிறது. 22 இலங்கை இருக்கும் வலய இலக்கம். அவர் தன் இலக்கத்தைச் சொல்வார். எழுதிக்கொண்டு அடுத்தவர். பத்து செக்கனில் வேலை முடியும்.

பெரிய கோபுரம் எதுவும் தேவையில்லை. பள்ளிக்கூட விஞ்ஞானம்தான்: வேகம் = மீடிறன் × அலைநீளம். 300ஐ 14 மெகாஹேட்ஸால் வகுத்தால் 21 மீற்றர் சொச்சம். அதில் பாதி, ஏறக்குறைய 10 மீற்றர் வயர், நடுவில் கேபிள். அந்த வயரும் 100 வாற்று ரேடியோவும் ஜப்பானையும் இத்தாலியையும் பின்லாந்தையும் என் அறைக்குக் கொண்டுவந்தன.

தொழுகை நேரங்களும் இந்தப் போட்டியும் ஒரே சூரியனைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. சுபஹுக்குப் பிறகு வெயில் ஏற ஏற உயர் மீடிறன்கள் திறக்கும். மஃரிபோடு வானின் கீழ்ப் படலம் கரைந்துபோகும். பகலில் செத்துக் கிடந்த 40 மீற்றர் அலைவரிசை உயிர் பெறும். பாங்கு கேட்டால் ரேடியோவை நிறுத்திவிட்டு எழும்புவேன். திரும்பி வரும்போது வேறு நாடுகள் கேட்கும்.

இலங்கையிலிருந்து குரல் கொடுப்பவர்கள் குறைவு. அதனால் 4எஸ்7 என்று சொன்னதுமே ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். சந்தை இரைச்சல். அதற்குள் இரண்டு எழுத்தைப் பிடித்து, அந்த ஒருவருக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். தூக்கமில்லாமல், பிழையில்லாமல்.

"என்ன கிடைக்கும் சேர்?" காசில்லை. கிடைப்பது பழகிய காது.

2004 டிசம்பர் 26ஐப் பற்றி நம் கரையோரத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று தொலைபேசியும் கரண்டும் இல்லை. ஹம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுபோனவர்களில் விக்டர் குணதிலக்க தலைமையிலான இலங்கை வானொலிச் சங்கத்தினரும் இருந்தார்கள், சிற்றலை ரேடியோவோடு. அந்தமானில் பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் குழு, உலக அமெச்சூர்களோடு தொடர்பு எடுக்கவென்றே அந்த மாதம் போர்ட் பிளேயர் போயிருந்தது. அலை அடித்ததும் அதே ரேடியோவில் காணாமல்போனவர்களின் விபரம் அனுப்பினார்கள். பொழுதுபோக்காகப் பழகிய கையும் காதும்தான் அன்று உதவின. அனர்த்தம் வந்த பிறகு பழகத் தொடங்க முடியாது.

நம் ஊரில் இன்று கோபுரம் விழுந்தால் எல்லோருடைய போனும் ஒன்றாகச் சாகும். பற்றரி ஒன்றில் ரேடியோவை ஓட்டி, இரைச்சலுக்குள் ஒரு பெயரைச் சரியாகக் கேட்டு எழுத எத்தனை பேர் இருக்கிறோம்? இப்போதைக்கு நான் ஒருவன். எனக்கும் வயது போகிறது.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். ஓ.எல். பிள்ளைகள் வரலாம், பெண் பிள்ளைகள் வாப்பாவோடோ உம்மாவோடோ வரட்டும். கொப்பியும் பென்சிலும் போதும். முதல் நாள் கேட்பது மட்டும்தான்.