மடியில் கனமில்லாதவருக்கும் மானம் உண்டு

டெங்கிலில் வளரும் பிள்ளைக்கு விமானம் ஓர் அதிசயம் அல்ல. லங்காட் ஆற்றுப் பாலத்தில் நின்றாலும் தெரியும், செம்பனைக் காட்டு மண் சாலையில் நின்றாலும் தெரியும். சக்கரத்தை நீட்டிக்கொண்டு தாழ்ந்து இறங்கும் விமானத்தின் வயிற்றுப் பக்கம் நம் சனங்களுக்கு மனப்பாடம். ஆனால் அதன் உள்ளே ஏறி உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? என் பெரியம்மா, தம் வயது எழுபத்திரண்டு வரை, கீழே நின்று பார்த்தவர்தான்.

1998-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. 1965-லிருந்து அதுவரை சுபாங்தான் நமக்குப் பெரிய நிலையம். சிப்பாங்கில் ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர் நிலம் அதற்கென்று ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி முன்பு தோட்ட நிலம். அதே காலத்தில் டெங்கிலுக்கு வடக்கே பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா நகரமாக மாறியது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரப் பட்டாளத்தார் 1921-இல் தொடங்கிய தோட்டம் அது. 'பி.பி. 86' என்ற கித்தா இனத்தைப் பழைய பால்வெட்டுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த 'பி.பி.' இந்தத் தோட்டத்தின் பெயர்தான். அங்கேயும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்த நம் குடும்பங்கள் பல, டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. பெரியம்மாவும் முப்பது வருடம் பால் வெட்டியவர்.

அவருக்கு ஓர் ஆசை. தம் அப்பா பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும், பழனி முருகனையும் தரிசிக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் நான் அழைத்துப் போனேன். திரும்பும் வழியில் வேறொரு நாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கும் போய் வந்தோம். ஆக, நாலைந்து விமான நிலையங்களைக் கடந்தோம். கோயில்களைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது, விமானத்தில் ஏறுமுன் நிற்க வேண்டிய ஒரு சிறு வாசலைப் பற்றி.

முதல் வாசல்

நம் சிப்பாங் நிலையத்தில் பைகளைத் தட்டில் வைத்து அனுப்பிவிட்டு, கதவு நிலை போன்ற வளைவுக்குள் பெரியம்மா நுழைந்தார். 'கீ' என்று சத்தம். அவர் திடுக்கிட்டு நின்றுவிட்டார். சீருடை அணிந்த மலாய்க்காரப் பெண் ஒருவர் வந்து, "மக்சிக், இது என்ன?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ரவிக்கைக்குள் இருந்த சுருக்குப்பையைப் பெரியம்மா தொட்டுக் காட்டி, "எமாஸ்" என்றார். அந்தப் பெண் மேலாகப் புறங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "போங்கள்" என்று கையைக் காட்டினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. தங்கச் சங்கிலி ஏதோ வைத்திருக்கிறார் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது ஒரு நிலையத்தில் நடந்ததுதான் வேறு. எந்த ஊர் என்பது வேண்டாம். அங்கேயும் சத்தம் வந்தது. அங்கிருந்த பெண் அலுவலர் அதட்டலாக, "எடு, எடு" என்றார். பின்னால் ஆணும் பெண்ணுமாக நீண்ட வரிசை. அத்தனை பேர் முன்னிலையில் பெரியம்மா ரவிக்கைக்குள் கைவிட்டுச் சுருக்குப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. அலுவலர் அதைப் பிளாஸ்டிக் தட்டில் கவிழ்த்தார். கொஞ்சம் திருநீறு, மடித்த ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்று, பிறகு ஒரு பழைய தாலி.

பெரியப்பா இறந்து பதினொரு வருடமாகிறது. அன்று கழற்றிய தாலியை அவர் தம்மோடே வைத்திருந்தது பெற்ற மகளுக்கும் தெரியாது. யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நெஞ்சோடு வைத்திருந்த ஒன்றை, முன்பின் அறியாதவர்கள் எட்டிப் பார்த்தார்கள். விமானத்தில் பெரியம்மா சாப்பிடவில்லை. வெகு நேரம் கழித்து, "ஏன் ஆயி, என்னைப் பார்த்தால் திருடி மாதிரியா இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

ஏன் இந்தச் சோதனை?

சோதனையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நூற்றுக்கணக்கான உயிர்கள் ஒரே கூட்டில் ஏறிப் பறக்கின்றன. அந்த வளைவு உலோகத்தைத்தான் கண்டுபிடிக்கும். கத்தியைக் காட்டும், தாலியைக் காட்டும். பொடியையோ பிளாஸ்டிக்கையோ காட்டாது. 2009-ஆம் ஆண்டு டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் போன விமானத்தில் ஓர் இளைஞன் உள்ளாடையில் வெடிமருந்தை ஒளித்து வைத்து ஏறிவிட்டான். அது சரியாக வெடிக்காததால்தான் பயணிகள் பிழைத்தார்கள். அதன் பிறகே உடலைப் படம்பிடிக்கும் ஸ்கேனர்கள் பல நாட்டு நிலையங்களில் வேகமாகப் பரவின.

அவற்றில் இரண்டு வகை. ஒன்று, மிகச் சிறிய அளவு எக்ஸ்ரே கதிரை உடல் மேல் பட்டுத் திரும்பச் செய்து படமெடுப்பது. மற்றொன்று, மில்லிமீட்டர் அலை எனப்படும் வானொலி அலை போன்ற ஒன்றைக் கொண்டு பார்ப்பது. இதில் எக்ஸ்ரே இல்லை. இரண்டு அலைக்கும் துணி ஒரு தடையல்ல. தோலில் பட்டுத் திரும்பும். ஆகவே முதலில் வந்த இயந்திரங்கள், துணியில்லாத உடலின் வடிவத்தையே திரையில் காட்டின. தனி அறையில் உட்கார்ந்து ஒருவர் அதைப் பார்ப்பார்.

உலகம் சும்மா இருக்கவில்லை. 2010 பிப்ரவரியில் வட அமெரிக்க இஸ்லாமியச் சட்ட மன்றம், இது நாணத்துக்கு மாறானது என்று தீர்ப்புச் சொன்னது. அதே மாதம் போப்பாண்டவர் 16-ஆம் பெனடிக்ட், விமானத் துறையினரிடம் பேசும்போது, பாதுகாப்புப் பணியிலும் மனிதரின் மதிப்பைக் காக்க வேண்டும் என்றார். மதங்கள் வேறானாலும் கவலை ஒன்றுதான்.

'படம் சேமிக்கப்படாது' என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஆனால் 2010-இல் ஒரு செய்தி வெளிவந்தது. அமெரிக்காவில் ஒர்லாண்டோ நகர நீதிமன்ற வாசலில் வைத்திருந்த இத்தகைய இயந்திரம் ஒன்றில் சுமார் 35,000 படங்கள் சேமிக்கப்பட்டிருந்தன. அது விமான நிலையம் அல்ல, படங்களும் அவ்வளவு தெளிவானவை அல்ல என்பது உண்மைதான். இருந்தாலும், இயந்திரத்தால் முடியும் என்பது தெரிந்துபோயிற்று.

எதிர்ப்புக்குப் பலனும் கிடைத்தது. 2011 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் ஸ்கேனருக்கு விதிமுறை வகுத்தபோது எக்ஸ்ரே வகையைச் சேர்க்கவில்லை. விருப்பமில்லாதவர் வேறு முறைச் சோதனையைக் கேட்கலாம் என்றும் வைத்தது. அமெரிக்க விமான நிலையங்களிலிருந்து எக்ஸ்ரே வகை 2013-இல் அகற்றப்பட்டது. இப்போது பெரும்பாலும் இருப்பது மில்லிமீட்டர் அலை வகை. அதில் உங்கள் உருவம் வராது. சின்னப் பிள்ளை வரைந்தது போன்ற ஒரு பொதுவான மனிதக் கோட்டுருவம் வரும். சந்தேகமான இடத்தில் மட்டும் ஒரு சிறு கட்டம் விழும்.

கையா, இயந்திரமா?

அப்படியானால் இயந்திரமே நல்லது என்று தோன்றும். ஒருவர் கை நம்மேல் படுவதைவிட அது மேல்தான் என்று நினைக்கும் பெண்கள் பலர். ஆனால் நம் உடைக்கும் வழக்கத்துக்கும் அது அவ்வளவு சுலபமல்ல. சேலைக் கொசுவம் பல மடிப்பு. இடுப்பில் அரைஞாண் கயிறு, கையில் தாயத்து, காலில் மெட்டி. மடிப்புத் துணியும் வியர்வையும்கூட இயந்திரத்தைக் குழப்பும். கட்டம் விழுந்தால் மறுபடியும் கைதான்.

2010 டிசம்பரில் அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் மீரா சங்கர், மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் விமான நிலையத்தில் தனியே அழைக்கப்பட்டுக் கையால் சோதிக்கப்பட்டார். அவர் சேலை கட்டியிருந்ததே காரணம் என்று உடனிருந்தவர்கள் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. இந்தியா தன் ஆட்சேபத்தைத் தெரிவித்தது.

நம் இராமேசுவரத்துப் பிள்ளை அப்துல் கலாமுக்கும் இது நேர்ந்தது. 2009 ஏப்ரலில் டில்லி நிலையத்தில், முன்னாள் குடியரசுத் தலைவர் என்ற விலக்கு இருந்தும், கான்டினென்டல் விமான நிறுவன ஊழியர்கள் அவரை உடல் சோதனை செய்தார்கள். அவர் ஒரு வார்த்தை மறுக்காமல் நின்றார். விஷயம் நாடாளுமன்றத்தில் எழுந்த பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில், விமானத்தில் உட்கார்ந்த பிறகு அவருடைய கோட்டையும் காலணியையும் வாங்கிப் போய்ச் சோதித்தார்கள். அதற்கும் அமெரிக்கா வருத்தம் தெரிவித்தது.

கலாமுக்காகப் பேச ஒரு நாடாளுமன்றம் இருந்தது. பால்வெட்டிய பெரியம்மாவுக்காக யார் பேசுவது? வாசகர்களே, என்னைத் தூங்கவிடாத கேள்வி இதுதான்.

'மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை' என்று நாம் சொல்வது வழக்கம். தப்புச் செய்யாதவனுக்குச் சோதனையில் என்ன வெட்கம் என்று கேட்பவர்களும் இந்தப் பழமொழியைத்தான் சொல்கிறார்கள். பெரியம்மாவின் மடியில் கனமில்லை, பயமும் இல்லை. ஆனால் மானம் இருந்தது. மறைத்து வைப்பதெல்லாம் குற்றமல்ல. சிலவற்றை நாம் மறைப்பது, அவை நமக்கு மட்டுமே சொந்தம் என்பதனால்.

நம் பாட்டன்மார் காலம் ஒன்று உண்டு. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தும்வரை, கப்பலில் வந்தவர்கள் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் பினாங்கிலும் தடுப்பு முகாமில் நிறுத்தப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்து, அம்மை குத்திக்கொண்டுதான் தோட்டத்துக்குப் போனார்கள். நோயைத் தடுக்க அது தேவைதான். ஆனால் 'தனியாகப் பாருங்கள் ஐயா' என்று கேட்க அவர்களுக்கு வாயில்லை. நமக்கு இருக்கிறது. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆகிவிட்டது. நாம் மட்டும் பழைய பயத்தோடு ஏன் நிற்க வேண்டும்?

கேட்டால் கிடைக்கும்

பயணம் போகும் நம் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். பெண்ணைப் பெண்தான் தொட்டுச் சோதிக்க வேண்டும். அதைத் தைரியமாகக் கேளுங்கள். இந்திய விமான நிலையங்களில் பெண்களுக்குத் திரையிட்ட இடம் உண்டு. அமெரிக்காவில் தனி அறை கேட்கலாம், துணைக்கு ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளவும் செய்யலாம். மற்ற இடங்களிலும் கேட்பதில் தவறில்லை. சுருக்குப்பையை வரிசைக்கு வருமுன்பே கைப்பைக்குள் வைத்துவிடுங்கள். உடலில் இரும்புத் தகடு, சிறுநீர்ப் பை, பேஸ்மேக்கர் இருந்தால் வளைவுக்குள் நுழையுமுன் சொல்லுங்கள். டாக்டர் கடிதம் கையில் இருக்கட்டும். கையைத் தூக்க முடியாத முதியவர் அதையும் சொல்லலாம். சத்தம் போட வேண்டாம், வேடிக்கைக்காகக்கூட 'குண்டு' என்ற சொல்லை எடுக்க வேண்டாம். சோதிப்பவரும் வேலைக்கு வந்தவர்தான். அவருக்கு மரியாதை கொடுத்து, நம் மரியாதையைக் கேட்டு வாங்க வேண்டும்.

அந்தப் பயணத்தின் கடைசி நிலையத்தில் என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிறேன். வரிசையில் நிற்கும்போது, "தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாமா?" என்று பெரியம்மா என்னிடம் கேட்டார். "கேட்கலாம் பெரியம்மா" என்றேன். நான் வாய் திறக்குமுன் அவரே அங்கிருந்த பெண் அலுவலரைப் பார்த்து, நெஞ்சைத் தொட்டு, பிறகு பக்கத்திலிருந்த அறையைக் காட்டினார். அந்தப் பெண் தலையசைத்து உள்ளே அழைத்துப் போனார். இரண்டு நிமிடத்தில் பெரியம்மா வெளியே வந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டே, "இவ்வளவுதானா? இதை அங்கேயே கேட்டிருப்பேனே" என்றார்.

அன்று மாலை எங்கள் விமானம் செம்பனைக் காடுகளுக்கு மேல் தாழ்ந்து வந்தது. பெரியம்மா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்து, "நம்ம டெங்கில் எது ஆயி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.