முகத்துக்கு எந்தச் சவர்க்காரம்?

எங்கட பக்கத்தில ஒரு பெடியனுக்கு மீசை அரும்பினால் ஊருக்கே தெரியும். மாமி பகிடி பண்ணுவா, வகுப்பில் பட்டம் வைப்பாங்கள், பெரியம்மா "பெடியன் வளந்திட்டான்" என்று பெருமைப்படுவா. ஆனால் அந்த முடியை எப்படி எடுக்கிறது என்று ஒருவரும் சொல்லித்தருவதில்லை. சைக்கிள் ஓடப் பழக்க ஆளிருக்கு, வேட்டி கட்டப் பழக்க ஆளிருக்கு. சேவ் எடுக்கிறதுக்கு மட்டும் "பாத்துப் பழகு" என்பதுதான் பாடத்திட்டம். அப்பா இல்லாத வீட்டில் வளர்ந்த எனக்குப் பாத்துப் பழகவும் ஆள் இருக்கவில்லை. அதனால், முதன்முதலாகச் சேவிங் சவர்க்காரம் வாங்கப் போகிற ஒரு தம்பி கேட்டால் என்ன சொல்லுவேனோ, அதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு முதலாவதை வாங்கித் தந்தது அம்மா. 2022ஆம் ஆண்டு, இறக்குமதிச் சாமான் எல்லாம் விலையேறிக் கிடந்த நேரம். ஆம்பிளைச் சாமான் இருக்கிற தட்டுக்கு முன்னால் கனநேரம் நிண்டவாவாம். கடைசியில் அழுத்தினால் நுரை வருகிற ரின் ஒன்றை வாங்கி, விலை ஒட்டியிருந்த துண்டைக் கிழித்துப்போட்டுத் தந்தா. ரின் நல்லாத்தான் வேலை செய்தது. அது முடிந்த பிறகு இன்னொன்று கேட்க மனம் வரவில்லை. ஹொஸ்டலுக்கு வந்து பார்த்தால் பாதிப்பேர் குளிக்கிற சவர்க்காரத்தை முகத்தில் தேய்த்துத்தான் சேவ் எடுக்கிறாங்கள். கழுத்தெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொங்கியிருக்கும். "எனக்கு உந்தச் சேவ் ஒத்துவராது மச்சான்" என்று தாடி விட்டவர்களும் இருக்கினம்.

சவரம், சவர்க்காரம் என்ற இரண்டு சொல்லும் காதுக்குச் சொந்தக்காரர் மாதிரிக் கேட்கும். ஆனால் சவரம் வடமொழியிலிருந்து வந்த சொல். சவர்க்காரத்துக்குள் இருப்பது காரம். கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சவர்க்காரம் என்பது ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்ததுதான். எந்தக் காரம், எந்தக் கொழுப்பு என்பதில்தான் வித்தியாசம் வருகிறது. குளிக்கிற கட்டி பெரும்பாலும் சோடியம் ஐதரொட்சைட்டால் செய்யப்படுவது. தேங்காயெண்ணெய் கூடச் சேர்ந்தால் நுரை பெரிசு பெரிசாகப் பொங்கும், ஆனால் கெதியில் உடைந்துவிடும், தோலும் காயும். சேவிங் சவர்க்காரத்தில் பொற்றாசியம் ஐதரொட்சைட்டும் சேருகிறது, ஸ்ரியரிக் அமிலம் கூடுதலாக இருக்கிறது. அதால நுரை சின்னக் குமிழிகளோடு தயிர் மாதிரித் தடிப்பாக வரும், முகத்தில் நிண்டு பிடிக்கும்.

அந்த நுரையின் வேலை அழுக்கு எடுக்கிறது இல்லை. முடியில் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதும், பிளேட்டை வழுக்கிப் போகவிடுவதும்தான். காய்ந்த முடி வெட்டக் கடினம். இரண்டு மூன்று நிமிஷம் ஊறின முடி மெத்தென்று ஆகிவிடும். குளித்துவிட்டு வந்த கையோடு சேவ் எடுத்தால் சுகமாக இருப்பது இதனால்தான்.

ஆகவே கடையில் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ. ஸ்ரியரிக் அமிலமும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டும் முன்வரிசையில் இருந்தால் அது சேவ் எடுக்கவென்றே செய்தது. முன்பக்கத்தில் இருக்கிற தாடை விரிந்த ஆம்பிளையின் படம் உங்கட முகத்துக்கு ஒன்றும் செய்யாது.

மூன்று விதமாக வாங்கலாம். ரின் நுரை லேசானது, பழக எதுவும் இல்லை, ஆனால் கெதியில் முடிந்துபோகும். ரியூப் கிறீமும் சவர்க்காரம்தான், தண்ணீர் கூடச் சேர்த்து இளக்கமாக வைத்திருக்கிறார்கள். பிரஷ் இல்லாவிட்டாலும் விரலால் நுரைக்கலாம். கட்டிச் சவர்க்காரத்துக்குப் பிரஷ் வேணும், பழகக் கொஞ்ச நாள் வேணும். ஆனால் கிழமைக்கு இரண்டு தரம் சேவ் எடுக்கிறவருக்கு ஒரு கட்டி பல மாசம் போகும். மகாபொல காசில் மாசத்தைக் கொண்டு போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. என் அபிப்பிராயம், ஒரு சின்ன ரியூப்பும் ஒரு சாதாரண பிரஷும் வாங்கித் தொடங்குங்கோ. கை பழகின பிறகு கட்டிக்கு மாறுங்கோ. முகத்தில் பரு இருந்தால், தொடக்கத்தில் வாசம் கூடினதையும் மென்தோல் போட்டதையும் தவிருங்கோ. மென்தோலின் குளிர்ச்சி ஒரு உணர்வுதான், அது எதையும் ஆற்றாது.

யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு கதை மிச்சமிருக்கு, அது தண்ணியின் கதை. என் அறைத்தோழனுக்கு ஊர் ஹற்றன் பக்கம். வீட்டிலிருந்து ஒரு கட்டிச் சவர்க்காரமும் பிரஷும் கொண்டு வந்தவன். முதல் கிழமையே என்னிடம் வந்து முறைப்பட்டான். "வீட்டுல நல்லா நுரை வரும்டா. இங்க என்னமோ பால் திரிஞ்ச மாதிரி இருக்கு." கட்டி பழுதாகிவிட்டது என்று எறியப் பார்த்தான்.

எனக்கும் பதில் தெரியவில்லை. வழக்கமாக முடிவெட்டப் போகிற சலூன் அண்ணையிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, சோப்பில ஒரு பிழையுமில்லை, எல்லாம் கிணத்திலதான். கேத்திலுக்குள்ள வெள்ளையாப் பிடிச்சிருக்கே, பாக்கேல்லையோ?" என்றார்.

குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி அதற்குள்ளால் இறங்கித்தான் எங்கட கிணறுகளுக்கு வருகிறது. வரும்போது கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சவர்க்காரம் முதலில் அவற்றோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகப் போகும், மிச்சம்தான் நுரையாகும். வன்னீர் என்று பரீட்சைக்கு எழுதிப் புள்ளி வாங்கின பாடம்தான். அது என் முகத்துக்கும் பொருந்தும் என்று யோசிக்க ஒரு சலூன் தேவைப்பட்டது. வழி லேசானது. தண்ணியைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுக்கிறது. மாரி காலத்தில் மழைத்தண்ணி பிடித்து வைக்கிறது. நுரைக்க ஒரு கோப்பை போதும். ஹற்றன்காரன் அதே கட்டியைத்தான் இப்பவும் பாவிக்கிறான்.

ஆட்கள் இல்லாத ஒரு பின்னேரம் அண்ணை என்னை இருத்தி மிச்சத்தையும் சொல்லித்தந்தார். பிரஷை ஊறவிட்டு உதறு. சவர்க்காரத்தில் அரை நிமிஷம் சுத்து. முகத்தில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே சொட்டுச் சொட்டாகத் தண்ணி சேர். "ரெண்டு விரலுக்கிடையில வைச்சுப் பார். வழுக்கோணும். காய்ஞ்சு போனா தண்ணி காணாது. வழிஞ்சு ஓடினா தண்ணி கூடிப்போச்சு." முகத்தைக் கையால் தடவி, முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கு என்று பார்த்து, முதல் கை அந்தப் பக்கமே போகவேணும். கழுத்தில் அது பக்கத்துக்குப் பக்கம் மாறும். சுருட்டை முடிக்காரர் எதிர்ப்பக்கம் வழிக்கவே கூடாது, முடி தோலுக்குள்ளே திரும்பி வளர்ந்து கட்டி போடும். வெட்டுப்பட்டால் சீனக்காரத்தை நனைத்துத் தடவு.

கேட்டுக்கொண்டிருந்தபோது, இது ஒரு முழுப் பாடநெறி என்று நினைத்தேன். தோல், முடி, தண்ணி, இரும்பு எல்லாம் தெரிந்த ஒருவரின் பாடநெறி.

அண்ணையின் அப்பப்பா வீடு வீடாகப் போய் முகம் வழித்தவராம். முன்வாசலால் இல்லை, கோடிப்பக்கத்தால். கூலி காசாக இல்லை, வருஷத்துக்கு இவ்வளவு நெல் என்று. கலியாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் அவர் இல்லாமல் சரிவராது, ஆனால் அங்கே அவருக்கு இருக்க இடமில்லை. குடிமைத் தொழில் என்று யாழ்ப்பாணம் கட்டி வைத்த ஒழுங்கு அது. கே. டானியல் தன் நாவலுக்குப் 'பஞ்சமர்' என்று பெயர் வைத்தாரே, அந்த ஐந்து சாதிகளில் அவர்களும் ஒன்று. அந்தச் சாதியின் பெயரை வசையாகப் பாவிக்கிறவர்கள் எங்கட வயசிலேயே இருக்கினம். கழுத்தில் கத்தி வைக்க விடுமளவுக்கு அவர்களை நம்பினோம். ஆனால் முன்வாசலால் கூப்பிடவில்லை, அவர்களுக்குத் தெரிந்ததை அறிவு என்றும் சொல்லவில்லை.

லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா என் முகத்தைப் பார்த்து, "இப்ப வடிவா எடுக்கிறாய், ஆர் பழக்கினது?" என்று கேட்டா. சொன்னேன்.

"சலூன்காரரிட்டயோ கேட்டனி?"

அந்த 'யோ'வில் இருந்தது என்ன என்று எங்கட ஊரில் பிறந்த எல்லாருக்கும் விளங்கும். அம்மா கெட்டவா இல்லை. விலையைக் கிழித்துப்போட்டு எனக்கு நுரை வாங்கித் தந்த அதே அம்மாதான். "ஓம் அம்மா. அவரை விட ஆருக்கு இது தெரியும்?" என்றேன். கொஞ்சநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அந்தக் கட்டி என்ன விலையாம்?" என்று கேட்டா. அதுக்கு மேலே அண்டைக்கு நாங்கள் கதைக்கவில்லை. கதைக்கவேண்டியது இன்னும் இருக்கு.

முதல் சவர்க்காரம் தெரிகிறவருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பெட்டியின் பின்பக்கத்தை வாசியுங்கோ. விலை கூடினதைத் தேடமுதல் உங்கட கிணற்றுத் தண்ணியை ஒரு கேத்திலில் கொதிக்க வைத்துப் பாருங்கோ. முதல் மாசம் அவசரமாக எங்கேயும் வெளிக்கிடுகிற நாளில் சேவ் எடுக்காதேங்கோ. அதிலும் விளங்காவிட்டால், சந்திச் சலூனில் சனம் குறைந்த ஒரு நேரம் பார்த்துப் போய்க் கேளுங்கோ. கேட்கமுதல் அவருடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கோ. கனபேர் அதைக் கேட்டிருக்க மாட்டினம்.