புதிய அட்டையும் பழைய பெயரும்

கணினியைப்பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் வியத்தகு ஆற்றல்களையே எடுத்துரைப்பர். யான் ஈண்டு எழுதுவது அத்தகைய பெருமையன்று. சிறியதோர் அட்டையை மாற்றப் புகுந்து, ஒரு பகற்பொழுது முழுவதும் தடுமாறி, குற்றமற்ற ஒருவர்மீது பழி சுமத்திய என் அறியாமையின் வரலாறேயாம். இதனை வாசிக்கும் மாணாக்கருள் ஒருவரேனும் அப்பிழையினின்றும் தப்புவாராயின், எழுதிய சிரமம் வீண்போகாது.

2012-ஆம் ஆண்டு ஐப்பசித் திங்கள். யான் அப்பொழுது முதுகலை வகுப்பின் இறுதியாண்டில் பயின்றுகொண்டிருந்தேன். எங்கள் துறைக் கணினிக் கூடத்தில் சர்வராக அமைந்த லினக்ஸ் கணினியொன்றைப் பேணும் பொறுப்பு என்னிடம் ஒப்புவிக்கப்பட்டிருந்தது. டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் ஆறாம் பதிப்பு அதில் இயங்கிற்று. மாணாக்கர் அனைவருடைய புராஜெக்ட் அறிக்கைகளும் அதனுள்ளேயே சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சமர்ப்பிப்பதற்கு எஞ்சியிருந்தவை இரண்டு நாட்களே.

ஓர் இரவு பேரிடியுடன் மழை பெய்தது. மறுநாட் காலையில் கூடத்துக் கணினிகளுள் ஒன்றினாலும் சர்வரை எட்ட இயலவில்லை. கேபிளை மாற்றிப் பார்த்தேன், சுவிட்சில் வேறு துளையிற் செருகிப் பார்த்தேன், பயனில்லை. சர்வரின் பின்புறத்தில், நெட்வொர்க் கார்டில் கேபிள் செருகும் இடத்தருகே எப்பொழுதும் ஒளிரும் சிறு விளக்குகள் அவிந்திருந்தன. கூடத்தில் நெடுங்காலமாக உதவியாளராயிருந்த பெரியவர் ஒருவர் குனிந்து நோக்கி, “தம்பி, விளக்கு எரியவில்லை, அட்டைதான் போயிற்று” என்றார். அவர் கூறியது முற்றிலும் உண்மை.

உடனே மின்சார ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்று, பழைய அட்டையைச் செய்த நிறுவனத்தின் அட்டையையே தேடி வாங்கி வந்தேன். ஒரே நிறுவனத்தின் அட்டையாதலின் வேறெதனையும் மாற்றவேண்டியதில்லை என்பது என் துணிபு. கணினியை முறைப்படி நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கி, உடலில் தங்கிய நிலைமின்சாரம் நீங்குமாறு இரும்புப் பெட்டியைத் தொட்டு, திருகாணியைக் கழற்றினேன். அவ்வேளையில் புதிய அட்டையைக் கையில் ஏந்தி நின்றவர் அப்பெரியவரே. அதனைப் பழைய துளையிலேயே பொருத்திக் கணினியை எழுப்பினேன். சிறு விளக்குகள் இரண்டும் ஒளிர்ந்தன. ஆயினும் சர்வர் வலையில் தோன்றவில்லை.

மும்முறை அணைத்து எழுப்பியும் நிலைமை மாறவில்லை. கூடத்தின் வாயிலில் மாணாக்கர் கவலையுடன் நின்றனர். அவர்களுடைய அறிக்கைகள் சர்வரின் வட்டில் பத்திரமாகவே இருந்தன. எனினும் ஒருவராலும் தம் மேசையிலிருந்து அவற்றைத் திறக்க இயலவில்லை. பேராசிரியர் வந்து காரணம் வினவினார். “எனக்குத் தெரியவில்லை” என்று கூறுதற்கு நாணிய யான், “உதவியாளர் அட்டையின் பொன்னிறப் பற்களைக் கையால் தொட்டிருத்தல் வேண்டும், நிலைமின்சாரம் பாய்ந்து அட்டை கெட்டுவிட்டது” என்று கூறிவிட்டேன். பெரியவரோ, “விளக்கு எரிகிறதே, தம்பி” என்று மட்டும் சொன்னார். யான் அதனைச் செவியேற்கவில்லை. இனி அவர் யந்திரங்களின் உட்பகுதியைத் தொடலாகாதென்று பேராசிரியர் அந்நிமிஷமே கட்டளையிட்டார்.

அட்டையைக் கழற்றிக்கொண்டு மீண்டும் ரிச்சி தெருவுக்குச் சென்றேன். கடைக்காரர் அதனைத் தம் கணினியிற் செருகிக் காட்டினார். அது செவ்வனே வேலை செய்தது! திரும்பும் ரயிலில், அட்டையில் இல்லாத குற்றம் எங்கேயுள்ளது என்ற வினாவினும், அப்பெரியவர் முகத்தில் எவ்வாறு விழிப்பேன் என்ற வினாவே என்னை மிகுதியும் வருத்திற்று.

அந்திப்பொழுதில் அட்டையை மீண்டும் பொருத்தியபின், காலையிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கணினி விழித்தெழும்போது தான் கண்டவற்றையெல்லாம் எழுதிவைக்கும் பதிவேட்டை வரிவரியாக வாசித்தேன். அதன்கண் ஒரு வரி, ‘ஈத்0’ என்னும் வலைவாயிலுக்கு ‘ஈத்1’ எனப் பெயர் மாற்றப்பட்டது என்று தெரிவித்தது. மர்மம் முழுவதும் அவ்வொரு வரியில் அடங்கியிருந்தது.

அதன் விளக்கம் இது. ஈதர்நெட் அட்டை ஒவ்வொன்றுக்கும் மேக் முகவரி என்னும் 48 பிட் அளவுள்ள அடையாளம் உண்டு. அதன் முற்பாதி செய்த நிறுவனத்தைச் சுட்டும்; பிற்பாதி அந்நிறுவனம் தன் அட்டைகளுக்குத் தனித்தனியே இடுவது. இரண்டு அட்டைகளையுடைய கணினியில் எது முன்னர்க் கண்டறியப்படுமோ அதுவே ஈத்0 ஆகும். அவ்வரிசை ஒருநாள் போல் மறுநாள் இராமற் போகலாம். அக்குழப்பத்தைத் தவிர்க்கும்பொருட்டு, யூடெவ் என்னும் பணிநிரல் முதன்முறை கண்ட அட்டையின் மேக் முகவரியையும் அதன் பெயரையும் ஒரு கோப்பில் எழுதிவைத்தது. எங்கள் சர்வரின் கோப்பிலும் ஈத்0 என்னும் பெயர் இறந்துபோன பழைய அட்டைக்கே உரியதாயிருந்தது. ஒரே நிறுவனத்ததாயினும் புதிய அட்டையின் முகவரி வேறு. ஆகவே அதற்கு ஈத்1 என்னும் பெயர் இடப்பட்டது. சர்வரின் ஐபி முகவரி முதலிய ஏற்பாடுகளோ ஈத்0-இன் பெயரிலேயே எழுதப்பட்டிருந்தன. இல்லாத அட்டைக்கு முகவரி இருந்தது. இருந்த அட்டைக்கு முகவரி இல்லை.

அக்கோப்பினின்றும் பழைய அட்டைக்குரிய வரியை நீக்கி, புதிய அட்டையின் வரியில் ஈத்1 என்பதை ஈத்0 எனத் திருத்தினேன். கணினியை மீண்டும் எழுப்பியதும் கூடத்துக் கணினிகள் யாவும் சர்வரைக் கண்டன. திருத்தியது ஓர் இலக்கம். இழந்தது ஒரு பகல்.

எனினும் என் கடன் அத்துடன் தீரவில்லை. இரவென்றும் பாராது பேராசிரியர் இல்லஞ் சென்று நிகழ்ந்ததை ஒளியாமற் கூறினேன். அவர் சினவாது, “இதனை நாளைக் காலையில் மாணாக்கர் முன்னிலையிற் கூறுவாயா?” என்று மட்டும் கேட்டார். அவ்வாறே கூறினேன். கட்டளையும் மாற்றப்பட்டது. பெரியவரிடம், “ஐயா, பொறுத்தருள வேண்டும்” என்று யான் வேண்டியபோது, “விளக்கு எரிந்தால் அட்டை உயிரோடிருக்கிறது, தம்பி, எனக்குத் தெரிந்தது அவ்வளவே” என்று கூறிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார். அவருக்குத் தெரிந்த அவ்வளவை யான் ஏற்றிருப்பேனாயின் இரண்டாம் முறை ரிச்சி தெருவுக்குச் சென்றிருக்க வேண்டியதில்லை. அட்டை உயிரோடிருப்பின் பிழை அதன் புறத்தேதான் உளது என்று அப்பொழுதே தேர்ந்திருப்பேன்.

2013-ஆம் ஆண்டு வெளிவந்த சிஸ்டம்டி 197-ஆம் பதிப்பு முதல் வேறொரு பெயரிடும் முறை நடைமுறைக்கு வந்தது. டெபியனும் 2017-இல் வெளிவந்த தன் ஒன்பதாம் பதிப்பில் அதனைப் புதிய நிறுவல்களுக்கு ஏற்றுக்கொண்டது. இம்முறைப்படி, அட்டை அமர்ந்த இடத்தைக்கொண்டே பெயர் பிறக்கிறது. ‘இஎன்பி3எஸ்0’ எனின், ஈதர்நெட் வகையைச் சேர்ந்ததாய், மூன்றாம் பஸ்ஸில் பூச்சியத் துளையில் இருப்பது என்பது பொருள். பழுதுற்ற அட்டையை நீக்கி அதே துளையிற் புதியதொன்றை வைப்பின் பெரும்பாலும் அதே பெயர் நிலைக்கும். ஆதலின் எனக்கு நேர்ந்த இடுக்கண் இக்காலத்து மாணாக்கருக்கு அவ்வளவாக நேர்வதில்லை.

ஆயினும் தெரியாததைத் தெரியாதென்று கூற நாணி, எளியவர்மீது குற்றத்தை ஏற்றும் பழக்கத்தைத் தீர்ப்பதற்கு எந்தப் பதிப்பும் வெளிவரப்போவதில்லை. அதனை அவரவரே திருத்திக்கொள்ளல் வேண்டும். இன்றும் கணினி ஏதேனும் பழுதுற்றால், பிறரை யாதும் வினவுமுன் பதிவேட்டையே முதலில் திறக்கின்றேன். அருகில் நிற்பவர் ஏதேனும் சொன்னால், அதற்கும் செவிசாய்க்கின்றேன்.