மூடுபனியில் பத்துச் சிகரங்கள்



மலையோட்டம் என்றதும் நம் மக்கள் முதலில் கேட்பது "ஏன்?" என்பதன்று, "தனியாகவா?" என்பதே. ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில் பெரியவர்கள் கேட்கிறார்கள். பாடத்தை மறந்துவிட்ட சிறுவர்கள், உஸ்தாதின் கவனத்தைத் திருப்பலாம் என்று கேட்கிறார்கள். வீட்டில் கேட்பவர் சற்று அழுத்தமாகவே கேட்கிறார். சென்ற செப்டம்பர் இறுதியில் நாம் தனியே ஓடிவந்த ஒரு நாளைப் பற்றி எழுதினால் எல்லாருக்கும் ஒருசேர விடை சொன்னதாகும் என்று தோன்றியது.

நாம் பிறந்தது காயல்பட்டினத்தில். சிறு வயதில் நாம் ஏறிய உயரமெல்லாம் தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகள்தாம். இப்போது வட இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு மாலை மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கிறோம். நாற்பதைக் கடந்தபின் மருத்துவர் நடக்கச் சொன்னார், நடை ஓட்டமாயிற்று, ஓட்டம் எங்களூருக்கு வடக்கேயுள்ள லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு இழுத்துச் சென்றது. அங்கே மலையை 'ஃபெல்' என்பார்கள். வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்த சொல் அது.

அந்த மலையோட்டத்தின் வரலாற்றில் பாப் கிரஹாம் என்றொரு பெயர் உண்டு. கெஸ்விக் நகரில் விருந்தினர் விடுதி நடத்தியவர். 1932 ஜூனில் 24 மணி நேரத்திற்குள் 42 சிகரங்களைத் தொட்டுத் திரும்பினார். ஏறத்தாழ 106 கிலோமீட்டர். ஏறிய உயரத்தை மட்டும் கூட்டினால் 8,000 மீட்டருக்கு மேல். அதே வழியில் இன்றும் பலர் ஓடுகிறார்கள். அதன் ஐந்து பகுதிகளுள் ஒன்று த்ரெல்கெல்ட் என்னும் சிற்றூரில் தொடங்கி, 12 சிகரங்களைக் கடந்து, டன்மெயில் ரெய்ஸ் என்னும் கணவாய்ச் சாலையில் முடியும். நாம் எண்ணிப் புறப்பட்டது அந்த ஒரு பகுதியை மட்டுமே.

தனிமை பற்றிய கேள்விக்கு வருவோம். இரவில் தனித்துப் பயணம் செய்வதை எச்சரிக்கும் நபிமொழி புகாரியில் இருக்கிறது. பள்ளிவாசல் பெரியவர்கள் அதைத்தான் நமக்கு நினைவூட்டுவார்கள். ஆனால் இமாம் புகாரி அவர்கள் தனிப்பயணத்திற்கென வகுத்த அதே பாடத்தில், அகழ்ப்போரின்போது ஸுபைர் (ரலி) அவர்கள் எதிரிகளின் செய்தியறியத் தனியே சென்ற ஹதீஸையும் வைத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் படித்தால் தடை என்று தோன்றும். மற்றொன்றை மட்டும் படித்தால் தாராள அனுமதி என்று தோன்றும். இரண்டையும் அருகருகே வைத்தபோது நாம் விளங்கிக்கொண்டது, செல்கிறவர் யார், போகும் இடம் எது, திரும்பும் ஏற்பாடு என்ன என்று பார்க்க வேண்டும் என்பதே. நாமோ போர்ச்செய்தி அறியப் போகவில்லை. உடல்நலத்திற்காகவும், மறைக்காமல் சொன்னால் ஆசைக்காகவும் போகிறோம். ஆகவே ஏற்பாட்டில் கூடுதல் கண்டிப்பு வேண்டும் என்று முடிவு செய்துகொண்டோம்.

அந்த ஏற்பாட்டை வகுத்தவர் நம் வீட்டார். மாலை நான்கு மணிக்குள் சாலையிலிருந்து அழைக்க வேண்டும். நாலரை வரை அழைப்பு வராவிட்டால் அவர் 999ஐ அழைத்து, காவல்துறை வழியாக மலை மீட்புக் குழுவைக் கேட்பார். "நாலுன்னா நாலுதான். அப்புறம் சிகரம் பாக்கி இருந்துச்சுன்னு சொல்லக் கூடாது" என்றார். வழியை வரைபடத்தில் குறித்து ஒரு பிரதியைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினோம். பையில் நீர்புகா மேலாடை, கையுறை, தொப்பி, வரைபடம், திசைகாட்டி, விசில், அவசர உறை, பேரீச்சம்பழம். விசிலில் ஒரு நிமிடத்திற்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது உதவி கேட்கும் குறி என்பதை நம் மகனுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தோம். அவன் அதை வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்தது வேறு கதை.

ரயிலிலும் பேருந்திலும் சென்று, த்ரெல்கெல்டிலிருந்து ஒன்பதரைக்கு ஏறத் தொடங்கினோம். முதல் சிகரமான கிளஃப் ஹெட் 726 மீட்டர். புல்லும் கல்லுமான செங்குத்துச் சரிவு. அதில் ஓட்டம் என்பதெல்லாம் பெயருக்குத்தான், முழங்காலில் கையூன்றி ஏற வேண்டும். பாதி ஏறியதும் மூடுபனி சூழ்ந்தது. ஐரிஷ் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலைகளில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, மேகமாகிச் சிகரங்களிலேயே தங்கிவிடுகிறது. கீழிருந்து பார்ப்போருக்கு அது மேகம். உள்ளே நிற்பவருக்கு மூடுபனி.

கிரேட் டாட், வாட்சன்ஸ் டாட், ஸ்டைபாரோ டாட் ஆகிய மூன்றும் மழுங்கிய புல்மேடுகள். நல்ல வெளிச்சத்தில் குழந்தையும் வழி தவறாது. பனியில் அடையாளமாகக் கொள்ள எதுவுமிராது. ஆகவே திசைகாட்டியை வைத்து, அடிகளை எண்ணிக்கொண்டே ஓட வேண்டும். தஸ்பீஹ் ஓதும்போது செய்வதுபோல விரல் கணுக்களில் எண்ணினோம். கணக்கு முடியுமிடத்தில் கற்குவியல் ஒன்று வெண்மையிலிருந்து கருமையாக வெளிப்படும்போது கிடைக்கும் நிம்மதியைச் சொல்லி விளக்க முடியாது.

அங்கே நமக்கு முன்னால் திடீரென எழுந்து நின்றவை ஹெர்ட்விக் ஆடுகள். மலைமேல் பெரும்பாலும் வேலி கிடையாது. ஆயினும் ஒவ்வொரு மந்தையும் தன் நிலத்தை விட்டு அகலாது. எது தன் மேய்ச்சல் நிலம் என்பதைத் தாயாட்டின் பின்னே நடந்தே குட்டி கற்றுக்கொள்கிறது; அது தன் குட்டிக்குக் கற்பிக்கிறது. 2001இல் கால்வாய் நோய் பரவிப் பல மந்தைகள் அழிக்கப்பட்டபோது, இம்மலை விவசாயிகளை அச்சுறுத்தியவற்றுள் இந்த அறிவு அறுந்துபோகுமே என்பதும் ஒன்று. புது ஆடுகளை விலைக்கு வாங்கலாம், அந்த அறிவை எங்கே வாங்குவது? எல்லா நபிமார்களும் ஆடு மேய்த்தவர்கள் என்ற ஹதீஸைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். அன்றுதான் அந்த ஆடுகளிடையே சற்று நேரம் நின்றோம்.

ரெய்ஸ், வொயிட் சைட், லோயர் மேன் கடந்து, ஹெல்வெலின் உச்சியை அடைந்தபோது மணி ஒன்றேகால். 950 மீட்டர், எட்டாவது சிகரம். கண்ணுக்குப் பதினைந்து அடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. மேற்கே சாய்வான புல்வெளி. கிழக்கே சில அடிகளில் பாறை விளிம்பு. அவ்விளிம்பருகே ஒரு நினைவுக்கல் உண்டு. 1805 ஏப்ரலில் சார்லஸ் கஃப் என்ற ஓவியர் தம் நாயுடன் தனியே இம்மலையைக் கடக்கப் புறப்பட்டார். மூன்று மாதம் கழித்து ஓர் இடையர் அவரது எச்சங்களைக் கீழே ரெட் டார்ன் ஏரியருகில் கண்டார். நாய் உயிருடன் அவ்விடத்திலேயே இருந்தது. அஸ்ஹாபுல் கஹ்ஃபின் குகைவாசலில் கிடந்த நாயை நினையாமல் இதைப் படிக்க நம்மால் இயலவில்லை. ஆனால் அக்குகையிலிருந்தோர் விழித்தெழுந்தார்கள்.

ளுஹர் நேரம் ஆகியிருந்தது. அம்மலைத்தொடரிலிருந்து கிப்லா ஏறத்தாழ 118 பாகை, அதாவது தென்கிழக்கு. பாறை விளிம்பும் ஏறக்குறைய அப்பக்கமே. உச்சியில் சிலுவை வடிவில் ஒரு காற்றுத்தடுப்புக் கற்சுவர் இருக்கிறது. சுவர் நமக்கு முன்னால் அமையுமாறு அதன் ஒரு மூலையில் நின்றுகொண்டோம். அதுவே ஸுத்ராவாகவும் ஆயிற்று. காலையில் முழு உளூவுடன் அணிந்த நீர்புகாக் காலுறை என்பதால், சிறு குப்பி நீரில் உளூ செய்து அதன்மேல் மஸஹ் செய்தோம். நீர் புகாததாகவும் நடக்கத் தகுந்ததாகவும் இருக்க வேண்டும் என்று ஷாஃபிஈ நூல்கள் காலுறைக்கு நிபந்தனை விதிக்கின்றன. இதுபோன்ற செயற்கை உறைகளில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்க. அவசர உறையை விரித்து, ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். ஸஜ்தாவில் காற்றின் ஓசை நின்றுவிட்டதுபோல் இருந்தது; சுவரின் உதவிதான்.

நெதர்மோஸ்ட் பைக், டாலிவேகன் பைக் இரண்டும் விரைவில் முடிந்தன. கற்பாதையின் வளைவுகளில் இறங்கி கிரைஸ்டேல் டார்ன் ஏரிக்கரையை அடைந்தபோது மணி இரண்டரை தாண்டியிருந்தது. ஏரியின் நீரோசை கேட்டது, நீர் தெரியவில்லை. கிழக்கே ஃபேர்ஃபீல்ட், மேற்கே சீட் சாண்டல். மீதி இரண்டு சிகரங்கள். கால்களில் வலு இருந்தது. பனியில் இரண்டையும் முடித்துச் சாலைக்கு இறங்க இரண்டு மணி நேரம் ஆகும். அலைபேசியில் தொடர்பு இல்லை.

நாலரைக்கு என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். வீட்டில் ஒருவர் நடுங்கும் கையால் எண்களை அழுத்துவார். ஊதியமில்லாத் தொண்டர்கள் தங்கள் வேலையை விட்டு எழுவார்கள். இதே பனிக்குள் ஏறுவார்கள். பேரீச்சம்பழம் தின்றுகொண்டே எதிரே இறங்கி வருவோம் நாம். கொடுத்த நேரம் ஓர் அமானத். ஃபேர்ஃபீல்ட் இருந்த திக்கை ஒருமுறை பார்த்தோம். அங்கே வெண்மைதான் இருந்தது.

இறங்கும்போதும் கவனம் வேண்டும். ஏரியிலிருந்து வழியும் ஓடை வடகிழக்கே பேட்டர்டேல் பக்கம் போகிறது. நீரோடு போனால் ஊர் வரும் என்று நம்பி அதைத் தொடர்ந்தால், மலையின் மறுபுறத்தில் போய் நிற்க நேரும். நாம் திசைகாட்டியை மேற்கே வைத்து, சிறு மேட்டைக் கடந்து, ரெய்ஸ் பெக் ஓடையின் ஓரமாக இறங்கினோம். பாதி வழியில் மேகத்தின் அடிப்பகுதி தலைக்கு மேலே போய்விட, கீழே சாலையும் அதில் ஒரு சரக்குவண்டியும் தெரிந்தன.

கிராஸ்மியர் பக்கம் சாலையோரமாக நடக்கத் தொடங்கியபின் அலைபேசிக்கு உயிர் வந்தது. மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம்.

"தொழுதாச்சா?" என்றார் முதலில். பிறகு, "எத்தனை?" என்றார்.

பத்து என்றோம்.

"ரெண்டு பாக்கியா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார். பின்னர், வரும்போது பால் வாங்கி வரச் சொன்னார்.