படத்தில் இருப்பவருக்கும் பெயர் உண்டு

தேயிலைப் பக்கெட்டில் சிரித்தபடி கொழுந்து பறிக்கும் பெண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் பெயர் என்ன? எந்தத் தோட்டம்? யாருக்கும் தெரியாது.

பொல்பிட்டியவில் வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வி நெடுநாளாக மனதில் உண்டு. என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். மலையில் நின்ற அவரை வெளியாட்கள் எத்தனையோ தடவை படம் பிடித்தார்கள். அதில் ஒன்றுகூட எங்கள் கைக்கு வரவில்லை. அம்மா காலமானபோது மாலை போடுவதற்கு அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கினோம்.

இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. புகழ்பெற்ற பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் இறந்த அவரது கல்லறை பொகவந்தலாவை தேவாலயத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வின், டெனிசன் போன்றோரின் படங்களில் பெயர் உண்டு. இங்கே அவர் எடுத்த படங்கள் பலவற்றில், இருப்பவர் யாரென்ற குறிப்பே இல்லை.

மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமாரின் வழி வேறு. மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்த ஒரு தாயின் மகன் அவர். அந்தத் தாயின் உழைப்பையே படமாக்கினார். கையால் மலம் அள்ளுவோரின் துயரைச் சொல்லும் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். இந்தியாவில் அத்தொழிலைத் தடுக்க 2013இல் கடுமையான சட்டம் வந்த பின்னரும் சாக்கடைக் குழியில் உயிர்கள் போயின. அப்படி இறந்தவர்களின் மனைவி, பிள்ளைகளைத் தேடிச் சென்று படமெடுத்தார். இராமநாதபுரம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களின் வாழ்வையும் 'பாரி' என்ற கிராமிய ஆவணக் களத்தில் பதிவு செய்தார். 2022இல் தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கமரா பிடிக்கவும் கற்றுக்கொடுக்கிறார்.

சகோதரிகளே, நம்மைப் பிறர் எடுத்தால் நாம் அழகான காட்சி. நம் பிள்ளைகள் எடுத்தால் பெயரும் ஊரும் உள்ள மனிதர். இப்போது அநேகமாக எல்லா வீட்டிலும் கையடக்கத் தொலைபேசி இருக்கிறது. அம்மா கொழுந்து நிறுக்கும்போது ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அதைக் கழுவி எடுத்து, பின்பக்கத்தில் அவர் பெயர், தோட்டம், திகதி மூன்றையும் எழுதி வையுங்கள். நாளை நம் சரித்திரத்தைத் தேடுபவர்களுக்கு அதுவே சாட்சி.